இங்கிலாந்து ஊர்த் தேவாலயம் ஒன்றின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் ஓர் ஊர்த் தேவாலயத்தின் வரலாற்றை எழுத முனைகிற பலரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். வாசலருகே மேசையில் கிடக்கும் துண்டுப் பிரசுரத்தை முதலில் படித்துவிடுகிறார்கள். அதன் பிறகு சுவரில் எதைப் பார்த்தாலும் பிரசுரம் சொன்னதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் இங்கே வரிசை வேறு: முதலில் வெளிச்சுவர், அடுத்து அளவு, அடுத்து உள்ளே இருக்கும் பொருள்கள், கடைசியில் காகிதம். காகிதத்தையும் இன்றிலிருந்து பின்னோக்கித்தான் படிக்க வேண்டும்.

## 1. போவதற்கு முன்

முதல் வேலை சர்ச் வார்டனுக்கு (ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊர்ப் பொறுப்பாளர்) எழுதுவது. கிராமத்து ஆலயங்கள் பல பூட்டியே இருக்கும். சாவி அவரிடமோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை பேர் வருவீர்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஞாயிறு, திருமண நாள், அடக்க நாள் வேண்டாம்.

கையில் வேண்டியவை: 30 மீட்டர் டேப், 5 மீட்டர் டேப், நல்ல டார்ச், பைனாகுலர், ஏ3 கட்டத்தாள், அதை வைத்து எழுத ஒரு பலகை, பென்சில். பேனா வேண்டாம். மழைத்துளி பட்டால் மை கரையும். பழைய கல்லில் தவறிப் பட்டால் போகாது.

தேசியப் பாரம்பரியப் பட்டியலில் அந்த ஆலயத்துக்கு இருக்கும் பதிவை அச்செடுத்து ஓர் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் நாள் பார்வை முடியும்வரை உறையைப் பிரிக்காதீர்கள். அந்தப் பதிவுகளில் பல, கட்டடத்தை அடையாளம் காட்டுவதற்காகச் சுருக்கமாக எழுதப்பட்டவை. முழு ஆய்வு என்று அவற்றை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

செய்யக் கூடாதவை சில. சுண்ணாம்பு வெள்ளையைச் சுரண்டிப் பார்ப்பது, எழுத்து தெரிவதற்காகக் கல்லில் சாக்பீஸ் தேய்ப்பது, அனுமதியில்லாமல் பித்தளைத் தகடுகளில் தாள் வைத்து மெழுகால் படியெடுப்பது. இங்கிலாந்து திருச்சபையின் ஆலயங்களில் ஒரு பொருளை மாற்றவோ அகற்றவோ ‘ஃபேகல்டி’ என்னும் திருமண்டல அனுமதி வேண்டும். மணிக்கோபுரத்துக்குத் தனியாக ஏறாதீர்கள், கயிற்றைத் தொடாதீர்கள். மணிகளை வாய் மேல்நோக்கி நிறுத்தி வைத்திருந்தால், ஒரு சிறு இழுப்பில் பல நூறு கிலோ உலோகம் சுழன்று வரும்.

## 2. வெளியே முழுச் சுற்று

உள்ளே நுழையாமல் ஆலயத்தை இரண்டு முறை சுற்றுங்கள். முதல் சுற்றில் எதையும் எழுத வேண்டாம். இரண்டாவது சுற்றில் நான்கு பக்கங்களுக்கும் நான்கு தாள் போட்டு, கண்ணில் படுவதை மட்டும் குறியுங்கள். காலம் எதுவும் போடாதீர்கள்.

தேட வேண்டியது ‘மாற்றம்’. கல்லின் நிறமோ அளவோ எங்கே மாறுகிறது? சுவரில் மேலிருந்து கீழாக நேர்கோடு போல ஓர் இணைப்பு ஓடுகிறதா? அப்படி ஓடினால் இருபுறமும் வெவ்வேறு காலத்தில் கட்டியவை. ஒரே காலத்தில் கட்டியிருந்தால் கல் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். எந்தப் பக்கம் முந்தியது என்பதை மூலைக்கல் காட்டிக் கொடுக்கும். சீராகச் செதுக்கிய மூலைக்கற்கள் சுவரின் நடுவே தெரிந்தால், ஒரு காலத்தில் அதுதான் கட்டடத்தின் மூலை.

அடுத்து கோபுரத்தின் கிழக்கு முகத்தைப் பைனாகுலரில் பாருங்கள். இப்போதைய கூரைக்கு மேலே கவிழ்ந்த ‘வி’ வடிவில் ஒரு கோடு பல ஆலயங்களில் தெரியும். செங்குத்தான பழைய கூரை கோபுரத்தில் முட்டிய தடம் அது. ஆக, கோபுரம் அந்தக் கூரை இருந்த காலத்திலேயே நின்றிருக்கிறது. ஒரே ஒரு கோடு இரண்டு கட்டங்களை வரிசைப்படுத்தித் தருகிறது. புதியவர்கள் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான்.

மூலைக்கற்களில் ஒன்று நெடிதாக நின்றும் அடுத்தது படுத்தும் மாறி மாறி வந்தால் சாக்சன் காலத்து (1066இல் நார்மன்கள் வருவதற்கு முந்தைய) வேலை என்று சந்தேகிக்கலாம். நார்தாம்ப்டன்ஷயரில் ஏர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் கல்லின் வயதைச் சுவரின் வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டர்ஹம் கவுண்டியில் உள்ள எஸ்கோம்ப் ஆலயம் 7ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் கற்களோ அருகிலிருந்த பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையிலிருந்து வந்தவை. ஆறாம் ரோமானியப் படையணியின் பெயர் பொறித்த கல் ஒன்று வடக்குச் சுவரில் தலைகீழாக இருக்கிறது. கட்டியவர்களுக்கு அது வெறும் கல்தான்.

## 3. தளப்படம்

பலருக்கு இந்த வேலை பிடிக்காது. இதைத் தவிர்த்தால் மற்ற எல்லாம் ஆட்டம் காணும். 1:100 அளவில் ஒரு தளப்படம் போதும். இரண்டு பேர் வேண்டும்.

வரிசை இப்படி:

1. மக்கள் அமரும் நடுக்கூடத்தின் (நேவ்) உள் நீளம், அகலம்.
2. அதன் இரண்டு மூலைவிட்டங்கள்.
3. பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதிக்கும் (சான்சல்) இதே அளவுகள்.
4. ஒவ்வொரு கதவிலும் ஜன்னலிலும் சுவரின் தடிமன்.
5. பக்கவாட்டுக் கூடங்கள், கோபுரம், முன்வாசல்.

மூலைவிட்டம் ஏன்? இந்த ஆலயங்கள் சரியான செவ்வகமாக இருப்பது அரிது. இரண்டு மூலைவிட்டங்களும் சமமில்லாமல் இருந்தால் கூடம் சாய்ந்திருக்கிறது. நீள அகலத்தை மட்டும் வைத்து வரைந்தால் அந்தச் சாய்வு மறைந்துபோய், கடைசியில் கோபுரம் ஒட்டாமல் நிற்கும். ஒவ்வொரு அளவையும் ஒரே புள்ளியிலிருந்து தொடர் அளவாக எடுங்கள். துண்டு துண்டாக எடுத்துக் கூட்டினால் பிழையும் கூடிக்கொண்டே போகும்.

சுவரின் தடிமன் ஒரு நல்ல துப்பு. சாக்சன் சுவர்கள் பெரும்பாலும் 3 அடிக்கும் குறைவு. நார்மன் சுவர்கள் அதைவிடத் தடிப்பு. நடுக்கூடத்தின் ஒரு முனையில் மட்டும் தடிமன் மாறினால் அங்கே கூடத்தை நீட்டியிருக்கலாம். இதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூலைக்கல்லும் இதையே சொல்கிறதா என்று பாருங்கள்.

## 4. ஜன்னலை வைத்துக் காலம் கணிப்பது

நார்மன், ஏர்லி இங்கிலிஷ், டெக்கரேட்டட், பெர்பெண்டிகுலர் என்று எல்லோரும் சொல்லும் பாணிப் பெயர்கள் 1817இல் தாமஸ் ரிக்மன் வகுத்தவை. கட்டியவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. பாணிகள் ஒன்றோடொன்று கலந்தே வரும். ஆண்டுகளைத் தோராயமாகக் கொள்ளுங்கள்.

- 1066 முதல் சுமார் 1190 வரை நார்மன்: சிறிய, வட்டத் தலை ஜன்னல். வெளியே குறுகி உள்ளே அகலும். வாசல் வளைவில் நெளிகோட்டு வேலை.
- சுமார் 1250 வரையும் அதைத் தாண்டியும் ஏர்லி இங்கிலிஷ்: ஒடுக்கமான, உயரமான, கூர்முனை ஜன்னல். பெரும்பாலும் இரண்டு மூன்றாகச் சேர்ந்து நிற்கும்.
- சுமார் 1350 வரை டெக்கரேட்டட்: ஜன்னல் தலைப்பகுதியில் வளைந்து நெளியும் கல் பின்னல்.
- சுமார் 1540 வரை பெர்பெண்டிகுலர்: நேர்க்கம்பிகள் வளைவின் உச்சிவரை ஓடும், வளைவு தட்டையாகும்.

இங்கே நடக்கும் பெரிய பிழை, ஜன்னலின் காலத்தைச் சுவருக்குக் கொடுப்பது. சுவரை விட்டுவிட்டு ஜன்னலை மட்டும் மாற்றுவது சர்வ சாதாரணம். ஜன்னலைச் சுற்றிக் கல் கலைந்து, சிறு கற்களால் அடைத்திருந்தால், ஜன்னல் பின்னால் செருகியது. ஜன்னல் தருவது ‘சுவர் இதற்கு முந்தியது அல்லது இதே காலம்’ என்ற எல்லையை மட்டுமே.

இரண்டாவது பிழை 19ஆம் நூற்றாண்டுப் போலிகளை நம்புவது. விக்டோரியா காலத்தில் பழுதுபார்ப்பு என்ற பெயரில் ஏராளமான ஆலயங்களை உரித்துப் புதுப்பித்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1877இல் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். எல்லா ஜன்னலும் ஒரே அச்சாக, விளிம்பு கூர்மையாக, உளித்தடம் இயந்திரம் போலச் சீராக இருந்தால் சந்தேகியுங்கள். ஆனால் சில இடங்களில் தேய்ந்துபோன பழைய ஜன்னலைப் பார்த்து அப்படியே செதுக்கியிருப்பார்கள். ஒன்றிரண்டு பழைய கல் அதிலேயே தங்கியிருக்கும். ‘விக்டோரியன்’ என்று எழுதி நகர்ந்துவிடாமல் ஒவ்வொரு கல்லாகப் பாருங்கள்.

கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாழும் தமிழர்களுக்கு இந்தப் பயிற்சிக்கு நல்ல ஆலயம் அருகிலேயே இருக்கிறது. அங்குள்ள புனித மகதலேனா மரியாள் ஆலயத்தின் நடுக்கூடமும் சான்சலும் அரைவட்டக் கிழக்கு முனையும் 12ஆம் நூற்றாண்டு. சான்சல் சுவரில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வட்ட வளைவு வரிசையைப் பார்த்துவிட்டால் நார்மன் வேலையை வேறெங்கும் அடையாளம் காணலாம்.

## 5. உள்ளே

சுவரில் இருக்கும் ஓட்டைகளிலிருந்து தொடங்குங்கள். பலிபீடத்தின் தென்பக்கச் சுவரில், பாத்திரம் கழுவிய நீர் வடிய ஒரு சிறு மாடக்குழி இருக்கும், ‘பிசினா’ என்பார்கள். அதே போன்ற குழி பக்கக்கூடத்தின் கிழக்கு முனையில் தெரிந்தால், அங்கே இன்னொரு பலிபீடம் இருந்து போயிருக்கிறது. தளப்படத்தில் உடனே குறியுங்கள்.

நடுக்கூடமும் சான்சலும் சேரும் வளைவின் பக்கத்தில், தரையிலிருந்து எட்டாத உயரத்தில் எங்கும் போகாத ஒரு கதவு தெரியலாம். அது, அந்த வளைவின் குறுக்கே பெரிய சிலுவையோடு நின்ற மரத்தாலான சிலுவை மாடத்துக்கு ஏறிய படிக்கட்டின் வாசல். மாடத்துச் சிலுவையை 1540களின் பிற்பகுதியில் அகற்றினார்கள். மாடத்தை இறக்கும்படி 1561இல் எலிசபெத் அரசின் ஆணை வந்தது. மரம் போனது, கல் படி நின்றது.

சான்சல் சிறிதாகவும் பழையதாகவும், நடுக்கூடம் பெரிதாகவும் புதிதாகவும் இருந்தால் குழம்ப வேண்டாம். அக்காலத்தில் சான்சலைப் பராமரிப்பது ரெக்டரின், அதாவது ஊரின் தசமபாகத்தை (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) பெற்றவரின் பொறுப்பு. நடுக்கூடம் ஊர் மக்களின் பொறுப்பு. கம்பளித் துணி வணிகத்தில் பணம் பார்த்த சஃபோக் ஊரான லாவென்ஹமில் நடுக்கூடத்தையும் கோபுரத்தையும் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மாபெரும் அளவில் எழுப்பினார்கள். 14ஆம் நூற்றாண்டுச் சான்சல் அப்படியே தாழ்ந்து நிற்கிறது. பணம் யார் கையில் இருந்தது என்பது கூரை உயரத்திலேயே தெரிகிறது.

சுவர்க் கீறல்கள். இதற்குப் பொறுமை வேண்டும், பலனும் அதிகம். விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஏறத்தாழ ஒட்டிப் பிடித்து, ஒளி சுவரில் சறுக்கிப் போகும்படி மெல்ல நகர்த்துங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. பக்கவாட்டில் அடித்தால் மயிரிழைக் கீறலுக்கும் நிழல் விழும். ஒரே இடத்துக்கு இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு திசை ஒளியில் படமெடுங்கள். ஒரு திசை ஒளிக்கு இணையாக ஓடும் கோடுகள் அந்தப் படத்தில் மறைந்துவிடும். தூண்கள், கதவோரங்கள், கோபுரத்தின் கீழ்ச்சுவர் ஆகியவற்றில் தொடங்கலாம்.

ஹர்ட்ஃபோர்ட்ஷயர் ஆஷ்வெல் ஆலயத்தின் கோபுரச் சுவரில் லத்தீனில் கீறிய வரிகள் உள்ளன. 1350 என்று ஆண்டிட்டு, கொள்ளைநோயில் மக்களின் கசடு மட்டுமே மிஞ்சியதாக ஒரு கை எழுதியிருக்கிறது. அதன் கீழேயே 1361இன் பெரும் புயல் பற்றிய குறிப்பும் உண்டு. அந்த ஊரின் துயரத்தை நேரில் பார்த்தவர்கள் விட்டுச்சென்ற சாட்சி அது. இப்படி ஒன்று கிடைத்தால் விரலால் தடவாதீர்கள், கல் பொடியும்.

அரச சின்னப் பலகை. வாசலுக்கு மேலோ நடுவளைவின் மேலோ சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் கேடயம் இருக்கும். ஆண்டு எழுதியிருந்தாலும் கேடயத்தைத்தான் நம்ப வேண்டும். ஒற்றைக்கொம்புக் குதிரை இருந்தால் 1603க்குப் பிந்தியது. ஜெர்மானிய ஹனோவர் அரச வம்சத்தின் வெள்ளைக் குதிரை கேடயத்தின் நான்காம் கால்பகுதியில் இருந்தால் 1714 முதல் 1801 வரை. பிரான்சின் அல்லிமலர்கள் 1801இல் நீங்கி, ஹனோவர் கேடயம் நடுவுக்கு வருகிறது. அந்த நடுக் கேடயத்தின் தலையில் குல்லாய் இருந்தால் 1816 வரை. கிரீடம் இருந்தால் 1816 முதல் 1837 வரை. விக்டோரியா அரசியானதும் ஹனோவர் பகுதி முழுவதும் போய்விட்டது. ‘சி.ஆர்.’ (சார்லஸ் அரசர்) என்ற எழுத்தை ‘ஜி.ஆர்.’ (ஜார்ஜ் அரசர்) என்று திருத்திப் பழைய பலகையையே பயன்படுத்திய ஆலயங்களும் உண்டு. எழுத்தும் கேடயமும் முரண்பட்டால் இரண்டையும் பதியுங்கள்.

பழைய மரப்பலகைகள் எங்காவது சாத்தியிருந்தால் அவற்றையும் விடாதீர்கள். சஃபோக் வென்ஹாஸ்டனில் 1892இல் வெள்ளையடித்த பலகைகளைக் கழற்றி ஆலய முற்றத்தில் போட்டார்கள். இரவு மழையில் வெள்ளை கரைந்து, இறுதித் தீர்ப்பைக் காட்டும் இடைக்கால ஓவியம் வெளிப்பட்டது.

வௌவால்கள் தங்கும் ஆலயமானால் அவற்றைக் கலைப்பது சட்டப்படி குற்றம். அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

## 6. நம்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

இப்போது பிரசுரத்தைப் படிக்கலாம். ஆலயம் ஆலயமாகத் திரும்பத் திரும்ப வரும் சில தவறுகள்:

*விக்கர்களின் (ஊர்க் குருக்களின்) பெயர்ப் பலகை.* முதல் பெயருக்கு எதிரே 1220களின் ஆண்டு ஒன்று இருந்தால் ஆலயமும் அப்போது தொடங்கியது என்று எழுதிவிடுகிறார்கள். பிஷப்புகளின் பதிவேடு அப்போதுதான் தொடங்குகிறது என்பதே உண்மை. மிகப் பழையது லிங்கன் திருமண்டலத்தில், 1209 முதல் 1235 வரை பிஷப்பாக இருந்த ஹியூ ஆஃப் வெல்ஸ் காலத்தது. மற்ற திருமண்டலங்களில் இன்னும் பிந்தியே தொடங்கும்.

*புனிதர் பெயர்.* இன்றைய பெயர் இடைக்காலப் பெயராக இருக்க வேண்டியதில்லை. பழைய பெயர் மறந்துபோய் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஊகித்துச் சூட்டியவை உண்டு. 1540க்கு முந்தைய உயில்களில் ‘இன்ன புனிதரின் ஆலய முற்றத்தில் என்னை அடக்குக’ என்ற வரியைத் தேடுங்கள்.

*காலைக் குறுக்கே போட்ட வீரர் சிலை* சிலுவைப் போர் வீரர் என்பது, *தாழ்வான சிறு ஜன்னல்* தொழுநோயாளிகளுக்கானது என்பது, *அடைத்த வடக்கு வாசல்* பிசாசு போகும் வழி என்பது: மூன்றுக்கும் ஆதாரம் இல்லை. ஊர் மக்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று தனியாகக் குறித்துக்கொள்ளலாம், அதுவும் பாரம்பரியம்தான். ஆனால் வரலாற்றுப் பத்தியில் வைக்காதீர்கள்.

*டூம்ஸ்டே பதிவேடு.* 1086இல் ஊருக்குக் கீழே ஆலயமோ குருவோ குறிப்பிடப்படவில்லை என்பதால் ஆலயமே இல்லை என்று ஆகாது. அது வருவாய்க் கணக்கு. கவுண்டிக்குக் கவுண்டி எழுதிய முறை மாறும்.

## 7. ஆவணங்கள், பின்னோக்கி

ஏன் பின்னோக்கி? அண்மைய மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கழித்தால்தான் பழையது எது என்று தெரியும். 1870இல் மாற்றிய வளைவை 1370 ஆவணத்தோடு பொருத்தப் பார்த்து நேரம் வீணாக்குவோர் அதிகம்.

முதலில் ஆலயத்திலேயே கேளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக் கலைஞர் ஆய்வு செய்து தரும் அறிக்கை அங்கே இருக்கும். 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை. பொருள்பட்டியலும் பழுது நோட்டும் அதனோடு இருக்கும்.

அடுத்து கவுண்டி ஆவணக் காப்பகம். ஃபேகல்டி கோப்புகளைத் தேடுங்கள். வரைபடங்கள் அங்கேதான் கிடைக்கும். 1818இல் தொடங்கிய ஆலயக் கட்டடச் சங்கம் நிதி கொடுத்திருந்தால், பழுதுக்கு முன்னும் பின்னுமான தளப்படங்கள் லண்டன் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் இருக்கலாம். நீங்கள் வரைந்த தளப்படத்தை அதன் மேல் வைத்துப் பார்க்கும் அந்த நேரத்தில்தான் மூன்றாம் படியின் உழைப்பு பலன் தரும்.

பிறகு 30 மார்ச் 1851இல் எடுத்த வழிபாட்டுக் கணக்கெடுப்பு, 1836 சட்டத்தைத் தொடர்ந்து வந்த தசமபாக வரைபடம், ஊர்ச்சபைக் குறிப்பேடு, வார்டன்களின் கணக்கு நோட்டு. இவற்றில் வார்டன் கணக்குக்கு ஈடு எதுவும் இல்லை. சுண்ணாம்பு வாங்கியது, ஈயத்தகடு மாற்றியது, மணியை வார்க்கக் கொடுத்தது எல்லாம் காசோடு இருக்கும். கணக்கில் ‘வெள்ளையடித்தது’ என்று 1548 வாக்கில் வந்தால், சுவரோவியம் மறைந்த ஆண்டு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னே 1552–53இல் எடுத்த ஆலயப் பொருள் பட்டியல், 1535இன் வருவாய் மதிப்பீடு, 1291–92இன் வரி மதிப்பீடு.

## 8. பதிவேடுகளைப் படிக்கும்போது

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியும்படி 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். ஆனால் பல ஊர்களில் பதிவு 1558இல்தான் தொடங்கும். 1598இல் பழைய தாள்களைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னபோது, எலிசபெத் ஆட்சி தொடங்கிய 1558இலிருந்து எழுதினால் போதும் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே முதல் 40 ஆண்டுகள் ஒரே கையெழுத்தில் இருந்தால் அது நகல். நகலில் பிழை இருக்கும். அதே காலத்திலிருந்து பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய பிரதிகளும் உண்டு. மூலம் கிழிந்திருந்தால் அங்கே தேடுங்கள்.

1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. 10 பிப்ரவரி 1700 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1701. குறிப்பில் 1700/01 என்று இரண்டையும் எழுதுங்கள். ஆஷ்வெல் சுவரில் 1361 என்று இருக்கும் புயலும் இப்படித்தான். அது வீசியது ஜனவரியில், நம் கணக்கில் 1362. இதைக் கவனிக்காமல் போனால், மணமாவதற்கு முன்பே குழந்தை பிறந்ததாகவும் இறந்தவர் மறுபடி கையெழுத்திட்டதாகவும் வரும்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போர்க் காலத்திலும் 1653–60இலும் இடைவெளி இருக்கும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்ததால் எண்ணிக்கை குறையலாம். ஊர் சுருங்கியது என்று முடிவு கட்டாதீர்கள். 1754 மார்ச்சிலிருந்து திருமணத்துக்குத் தனிப் பதிவேடு, 1813இலிருந்து ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அச்சிட்ட படிவம். 1837 ஜூலையில் அரசுப் பதிவு தொடங்குகிறது.

## 9. ஒன்றுசேர்ப்பது

தளப்படத்தின் நகலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுங்கள். சந்தேகமான சுவரை வெறுமையாக விடுங்கள். எழுதும் ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி இடுங்கள்: ஆவணம் சொல்வது, கட்டடம் காட்டுவது, ஊகம். அச்சுக்குப் போகும்போதும் இந்தக் குறிகளை எடுக்காதீர்கள். அடுத்து வருபவருக்கு உங்கள் பத்தியை விட அந்தக் குறிதான் உதவும்.

படங்களுக்குப் பெயரிடும்போது ஆலயம், திசை, இடம், நாள் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பிரதிகளை மூன்று இடங்களில் கொடுங்கள்: ஆலயம், கவுண்டி ஆவணக் காப்பகம், கவுண்டியின் தொல்லியல் பதிவகம். தொல்லியல் பதிவகத்தில் சேர்ந்தால்தான் நாளை அங்கே குழாய் தோண்ட அனுமதி கேட்கும்போது நீங்கள் கண்ட பழைய சுவர் யாருடைய கண்ணிலாவது படும்.

வெளியிடுவதற்கு முன் வார்டனிடம் ஒருமுறை காட்டுங்கள். வெள்ளிப் பாத்திரங்கள் எங்கே இருக்கின்றன, எந்தப் பித்தளைத் தகடு தளர்ந்திருக்கிறது, கூரையில் எந்தப் பக்கம் ஈயத்தகடு, சாவி யாரிடம் ஆகிய நான்கையும் பொதுப் பிரதியிலிருந்து நீக்கிவிடுங்கள். ஆலயத் திருட்டு இங்கே தொடர்ந்து நடப்பது. அந்த விவரங்கள் ஆலயத்திடம் கொடுக்கும் பிரதியில் மட்டும் இருக்கட்டும்.